விண்டோஸ் 11-ல் பழைய கேம்கள்: கம்பாட்டிபிலிட்டி மோடில் டிக் போட்டும் ஓடாதவை

சிடிராம்

வணக்கம் மக்களே. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் வீட்டுக்குப் புது லேப்டாப் வந்தாயிற்று. விண்டோஸ் 11. சிடி டிரைவ் கிடையாது என்பதால் யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் வாங்கி, என் பழைய சிடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லாம் காசு கொடுத்து வாங்கிய அசல் சிடிகள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிலவரம் இது. விண்டோஸ் 3.1 காலத்துப் புதிர் கேம் ஒன்று, பெண் விளையாடட்டும் என்று போட்டேன். 'இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது' என்று ஒரு பெட்டி வருகிறது. விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஆடிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்கும் அதே பெட்டி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் (1997-ல் வந்த முதல் பாகம்) டைரக்ட்பிளே என்ற பழைய விண்டோஸ் பகுதி வேண்டும் என்று கேட்டது, கொடுத்தேன், திறந்தது. ஆனால் புல்வெளி, தண்ணீர் எல்லாம் ஊதாவும் சிவப்புமாக அடித்துக்கொண்டு நிற்கிறது, பின்னணி இசையும் இல்லை. நீட் ஃபார் ஸ்பீடு மோஸ்ட் வாண்டட் (2005) ஒழுங்காக இன்ஸ்டால் ஆனது. ஐகானைத் தட்டினால் டாஸ்க் மேனேஜரில் ஒரு நொடி தலைகாட்டிவிட்டுக் காணாமல் போகிறது.

கம்பாட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரை எல்லாவற்றிலும் டிக் போட்டாயிற்று, அட்மினாகவும் ஓட்டியாயிற்று. வழி சொல்லுங்கள்.

மதுரைவாசி

விர்ச்சுவல் மெஷின்ல விண்டோஸ் 98 போட்டுடுங்க ப்ரோ. ஒரே கல்லில் நாலு மாங்காய்.

நள்ளிரவு_நிரலர்

மதுரை, கொஞ்சம் பொறுங்கள். 98-ல் மோஸ்ட் வாண்டட் எப்படி ஓடும்? அது எக்ஸ்பி காலத்து கேம். அதோடு விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரியானவற்றில் விண்டோஸ் 98-க்கு அவர்களே தரும் 3டி டிரைவர் கிடையாது. சீட்டு விளையாட்டு ஓடும், கார் ஓடாது.

சிடிராம், உங்கள் நாலு கேமும் ஒரே இடத்தில் மாட்டவில்லை. எது எந்த இடத்தில் என்று தெரியாமல் டிக் போடுவதில் பயனில்லை. கம்பாட்டிபிலிட்டி மோடு செய்வதெல்லாம், விண்டோஸின் பதிப்பு எண்ணைக் கேமிடம் மாற்றிச் சொல்வது, சில பழைய நடத்தைகளை நடித்துக் காட்டுவது, அவ்வளவுதான். விண்டோஸிலிருந்தே தூக்கிவிட்ட ஒரு பாகத்தை அதனால் திருப்பிக் கொண்டுவர முடியாது.

முதல் இரண்டும் 16 பிட் நிரல்கள். அவற்றை ஓட்டுவதற்கென்று பழைய 32 பிட் விண்டோஸில் என்டிவிடிஎம் என்று ஒரு பகுதி இருந்தது. 64 பிட் விண்டோஸில் அது இல்லவே இல்லை. டாஸ் நிரல்களுக்கு வேண்டிய விர்ச்சுவல் 8086 என்ற வசதியை, 64 பிட்டில் இயங்கும்போது பிராசசரே தருவதில்லை. விண்டோஸ் 10-க்காவது ஒரு 32 பிட் பதிப்பு இருந்தது. 11-க்கு அதுவும் கிடையாது.

எது 16 பிட் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. கேமின் எக்ஸி ஃபைலை நோட்பேடில் திறங்கள். கண்டதும் வரும், பயப்பட வேண்டாம், சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள். முதல் இரண்டு எழுத்து எம், இசட் என்று இருக்கும். மைக்ரோசாஃப்டில் டாஸ் உருவாக்கத்தில் இருந்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள் அவை. இன்றைக்கு வெளியாகும் எக்ஸியிலும் அவர் பெயர்தான் தலையில் நிற்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, டாஸில் ஓடாது என்று சொல்லும் ஆங்கில வரியைத் தாண்டி, பி-யும் இ-யும் சேர்ந்து தெரிந்தால் 32 பிட்டோ 64 பிட்டோ. என்-னும் இ-யும் தெரிந்தால் 16 பிட் விண்டோஸ். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் டாஸ்.

புதிர் கேமுக்கு வைன்விடிஎம் என்ற இலவச நிரலை இறக்குங்கள். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் திட்டத்தின் குறிமுறையோடு, பழைய பிராசசரைப் போல நடிக்கும் ஒரு எமுலேட்டரைச் சேர்த்துக் கட்டியது அது. அதன் ஃபோல்டருக்குள் ஓடிவிடிஎம் என்று ஒரு எக்ஸி இருக்கும். உங்கள் செட்டப் ஃபைலை மவுஸால் இழுத்து அதன் தலையில் போட்டால் போதும். பிரின்ஸுக்கு, பழைய டாஸ் கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ்.

மற்ற இரண்டுக்கும் ராத்திரி வருகிறேன்.

தாமரை_82

ஒரு சின்னச் சேர்க்கை. கேம் 32 பிட்டாக இருந்து, அதன் செட்டப் மட்டும் 16 பிட்டாக இருக்கும் சிடிகள் 95, 98 காலத்தில் ஏராளம். இன்ஸ்டால்ஷீல்டு 5 மாதிரி சில செட்டப்களை விண்டோஸே அடையாளம் கண்டு, தன்னிடம் உள்ள 32 பிட் செட்டப்பை அந்த இடத்தில் ஓட்டிவிடும். அந்தப் பட்டியலில் இல்லாததற்குத்தான் அதே 'ஓடாது' பெட்டி வரும். அதனால் பெட்டியைப் பார்த்ததும் கேமே போச்சு என்று சிடியைத் தூக்கி வைத்துவிட வேண்டாம். செட்டப்பை வைன்விடிஎம் வழியாக ஓட்டி, கேமை நேரடியாகத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. 500 ஜிபி காலியாகக் கிடக்கும்போது 'டிஸ்கில் இடம் போதாது' என்று சில செட்டப்கள் சொல்லும். காலி இடத்தை 32 பிட் எண்ணில் அளப்பதால் எண் வழிந்து நெகட்டிவாகிவிடுகிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 1.5 ஜிபிக்கு ஒரு விஎச்டி (டிரைவைப் போல நடிக்கும் ஃபைல்) உருவாக்கி, அதை இன்னொரு டிரைவாக மவுன்ட் செய்து அங்கே இன்ஸ்டால் செய்யுங்கள். வாயை மூடிக்கொண்டு ஏறிவிடும்.

மதுரைவாசி

பழைய பிசியிலிருந்து ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்தால் முடிந்தது. செட்டப்போடு எதற்குச் சண்டை?

தாமரை_82

சில கேமுக்கு முடியும். பல கேம்கள் தாங்கள் எங்கே இன்ஸ்டால் ஆனோம் என்பதை ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஓடும்போது அதைத் தேடும். அந்தப் பதிவு ஃபோல்டரோடு வராது. பழைய பிசியில் ரெஜிஸ்ட்ரிப் பதிவையும் ஃபைலாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்கள் பார்ப்பது சாஃப்ட்வேர் பிரிவுக்குள் இருக்கும் வாவ்6432நோட் என்ற உள் அறையை. பழைய ஃபைலை அப்படியே இரட்டைக் கிளிக் செய்தால் பதிவு வெளி அறையில் போய் உட்கார்ந்துகொள்ளும், கேம் கண்ணில் படாது. ஃபைலை நோட்பேடில் திறந்து பாதையைத் திருத்திவிட்டு ஏற்றுங்கள்.

சிடிராம்

புதிர் கேம் ஓடிவிட்டது! செட்டப்பை இழுத்துப் போட்டதும் அந்தக் காலத்துச் சாம்பல் நிற விண்டோ அப்படியே வந்து நின்றது. பெண்ணுக்கு இரண்டு நிமிடத்தில் சலித்துவிட்டது, அது வேறு விஷயம். நிரலர் சார், மிக்க நன்றி.

டாஸ்பாக்ஸில் பிரின்ஸும் வந்தது. என் தம்பி டேவ் கேட்கிறான் (டேஞ்சரஸ் டேவ்). அதுவும் இப்படித்தானா?

நள்ளிரவு_நிரலர்

அப்படியேதான். டாஸ்பாக்ஸில் தெரிந்துகொள்ள வேண்டியது சைக்கிள்ஸ் (அது நடிக்கும் பிராசசரின் வேகம்) ஒன்றுதான். 0.74 பதிப்பில் ஆட்டோ என்று விட்டால், ரியல் மோடில் ஓடும் பழைய கேம்களுக்கு 3000 சைக்கிள் கொடுக்கும், புரொடெக்டட் மோடுக்குத் தாவும் கேம்களுக்கு முடிந்தவரை வேகம் கொடுக்கும். கேம் தலைதெறிக்க ஓடினால் கன்ட்ரோல் எஃப்11, இழுத்துக்கொண்டு போனால் கன்ட்ரோல் எஃப்12. மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல் எஃப்10. புதிதாகப் போடுகிறவர்கள் பழைய 0.74-க்குப் பதில் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் போடலாம். அதே வீட்டுப் பிள்ளை, இன்றும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

வேகத்தைக் குறைப்பது வெறும் வசதிக்காக அல்ல. போர்லாண்ட் பாஸ்கலில் எழுதிய பல டாஸ் நிரல்கள் தொடங்கும்போதே, பிராசசர் எவ்வளவு வேகம் என்று ஒரு சுற்று ஓட்டி அளந்துகொள்ளும். பிராசசர் சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் அந்தக் கணக்கின் விடை, ஒதுக்கிய இடத்தில் கொள்ளாமல் வழிந்து, 'ரன்டைம் எரர் 200' என்று விழுந்துவிடும். பென்டியம் காலத்திலேயே ஆரம்பித்த பிரச்சினை இது, விண்டோஸ் 11-ஐத் திட்டிப் பயனில்லை. சைக்கிள்ஸைக் குறைத்துத் தொடங்கினால் தப்பிக்கும்.

சரி, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். அது 256 நிறத்தில் ஓடும் கேம். திரையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் நிறத்தை நேரடியாகச் சொல்லாது, '37-ம் எண் நிறம்' என்று மட்டும் சொல்லும். 37 என்றால் பச்சையா பழுப்பா என்பது 256 கட்டம் கொண்ட பேலட் என்ற அட்டவணையில் இருக்கிறது. கேம் தன் அட்டவணையை ஏற்றி வைக்கும். பின்னால் டெஸ்க்டாப்பைக் காட்டிக்கொண்டிருக்கும் எக்ஸ்புளோரர் தன் பங்குக்குச் சில கட்டங்களை மாற்றிவிட்டுப் போகும். புல் இன்னமும் 37 என்றுதான் சொல்கிறது, ஆனால் 37 இப்போது ஊதா.

விண்டோஸ் 7 காலத்தில் இதற்கு எக்ஸ்புளோரரையே கொன்றுவிட்டுக் கேமைத் திறந்தார்கள். டெஸ்க்டாப் எல்லாம் மறைந்து, கேம் முடிந்ததும் மறுபடி உயிர் கொடுப்பார்கள். இன்னொரு கூட்டம், திரை ரெசல்யூஷன் விண்டோவைச் சும்மா திறந்து வைத்துவிட்டு ஆடியது. அதுவும் வேலை செய்தது!

இப்போது அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். சிஎன்சி-டிடிரா என்று ஒன்று இருக்கிறது. கமாண்ட் அண்ட் காங்கர் கேம்களுக்காகத் தொடங்கியது, இன்று ஏகப்பட்ட பழைய 2டி கேம்களுக்கு உதவுகிறது. அதன் ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருப்பவற்றை ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் எக்ஸி இருக்கும் அதே ஃபோல்டரில் போடுங்கள். ஒரு நிரல் டிஎல்எல் (நிரல்கள் பயன்படுத்தும் துணை ஃபைல்) தேடும்போது விண்டோஸ் முதலில் அந்த எக்ஸியின் ஃபோல்டரைத்தான் பார்க்கும். அங்கேயே ஒரு டைரக்ட்டிரா (2டி படம் வரையும்) டிஎல்எல் கிடைத்துவிட்டால் சிஸ்டம் ஃபோல்டரில் உள்ளதைத் தேடிப் போகாது. கேம் தன் அட்டவணையை நம் டிஎல்எல்லிடம் கொடுக்கும், அது முழு நிறமாக மாற்றித் திரைக்கு அனுப்பும். நடுவில் யாரும் கை வைக்க முடியாது.

அதற்கு முன் கம்பாட்டிபிலிட்டியில் போட்ட டிக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் எது எதைச் சரிசெய்தது என்றே தெரியாது.

பரண்பெட்டி

நிரலர் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. இந்த டிஎல்எல்களை அதை எழுதியவரின் கிட்ஹப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'டிஎல்எல் இலவசப் பதிவிறக்கம்' என்று தேடலில் முதலில் வந்து நிற்கும் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

அப்புறம் 3டி கேம்களுக்கு இதே வேலையைச் செய்வது டிஜிவூடூ 2. பழைய டைரக்ட்எக்ஸ் கட்டளைகளையும், 3டிஎஃப்எக்ஸ் கார்டுகளின் கிளைடு கட்டளைகளையும் இன்றைய டைரக்ட்3டி 11, 12-க்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும். புராஜெக்ட் ஐஜிஐ (2000) ஆடுகிறவர்கள் இதைப் போட்டுத்தான் ஆடுகிறோம். எம்எஸ் ஃபோல்டருக்குள் எக்ஸ்86 என்று இருப்பதிலிருந்து டிஎல்எல்களை எடுங்கள். கேம் 32 பிட், உங்கள் விண்டோஸ் 64 பிட் என்பதற்காக எக்ஸ்64-ஐ எடுத்தால் டிஜிவூடூ வேலை செய்யாது. அதன் கன்ட்ரோல் பேனலில் வாட்டர்மார்க் என்று ஒரு டிக் இருக்கிறது. முதல் தடவை அதைப் போட்டே வையுங்கள். கேமின் மூலையில் முத்திரை தெரிந்தால்தான் டிஜிவூடூ வேலை செய்கிறது என்று அர்த்தம். தெரியவில்லையென்றால் மற்ற செட்டிங் எதைத் திருகியும் பயனில்லை.

ஐஜிஐயில் மிஷனுக்கு நடுவில் சேவ் கிடையாது என்பதற்கு மட்டும் எந்த டிஎல்எல்லும் வரவில்லை.

சிடிராம்

நிறம் வந்துவிட்டது. புல் பச்சையாக இருக்கிறது. டிக்கை எல்லாம் எடுத்த பிறகுதான் சரியாக வந்தது.

மோஸ்ட் வாண்டட்?

பரண்பெட்டி

அதுதான் கசப்பான விஷயம். உங்கள் சிடி அசல் என்பதுதான் பிரச்சினையே.

2000-களின் முற்பாதியில் வந்த எத்தனையோ சிடிகளில் சேஃப்டிஸ்க் என்று ஒரு பூட்டு உண்டு. மாக்ரோவிஷன் நிறுவனத்தினுடையது. நகலெடுத்த சிடியா அசலா என்று பார்ப்பதற்காக செக்டிரைவ் என்ற டிரைவரை விண்டோஸின் கெர்னல் என்ற மையப் பகுதிக்குள் உட்கார வைத்தது. கேம் திறக்கும்போது அந்த டிரைவர் பதில் சொன்னால்தான் உள்ளே விடும். எக்ஸ்பியில் இந்த டிரைவர் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது.

2007-ல் அந்த டிரைவரில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரண பயனராக உள்ளே வந்த ஒரு வைரஸ், அதைப் பிடித்துக்கொண்டு முழு அதிகாரம் பெற முடிந்தது. அதை அடைத்தார்கள். 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது டிரைவரையே தூக்கிவிட்டார்கள். அதே செப்டம்பரில் விஸ்டா, 7, 8.1-க்கும் அதை முடக்கும் அப்டேட் வந்தது. ஆக, 10-லும் 11-லும் கேம் கேள்வி கேட்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லை, மூடிக்கொண்டு போகிறது. டாஸ்க் மேனேஜரில் ஒரு நொடி நீங்கள் பார்த்தது அதைத்தான். மோஸ்ட் வாண்டட் 2005 சிடியில் இருப்பது இந்தப் பூட்டு.

மதுரைவாசி

விண்டோஸைத் டெஸ்ட் மோடில் போட்டு, பழைய செக்டிரைவை நாமே கையெழுத்து போட்டு ஏற்றிவிடலாம். வீடியோ பார்த்தேன்.

பரண்பெட்டி

தம்பி, தயவுசெய்து வேண்டாம். ஓட்டை டிரைவர் என்று இப்போதுதானே சொன்னேன்? டெஸ்ட் மோடு என்றால் டிரைவர்களின் டிஜிட்டல் கையெழுத்துச் சோதனையையே தளர்த்தி வைக்கிறோம். சில வழிகாட்டிகள் கெர்னலைக் காக்கும் கோர் ஐசொலேஷனையும் அணைக்கச் சொல்கின்றன. அதே லேப்டாப்பில்தான் நெட் பேங்கிங்கும் பார்க்கிறோம். ஒரு கார் கேமுக்காக வீட்டு வாசற்கதவைக் கழற்றி வைக்கிற கதை.

இதற்கு இப்போது நல்ல வழி இருக்கிறது. சேஃப்டிஸ்க்‌ஷிம் என்று ஒரு திறந்த மூல நிரல். கெர்னலுக்குள் எதையும் ஏற்றாது. கேம் செக்டிரைவிடம் கேட்கும் கேள்வியை நடுவழியில் பிடித்து, டிரைவர் சொல்லியிருக்கக்கூடிய பதிலைத் தானே சொல்லிவிடும். பூட்டை உடைப்பது இல்லை, அசல் சிடி டிரைவில் இருந்தே ஆகவேண்டும். உங்களிடம் சிடி இருப்பதால் பொருத்தமாக இருக்கும்.

கயல்_கே

பரண்பெட்டி அண்ணா, உண்மையைச் சொன்னால் எல்லோரும் செய்வது சிடி கேட்காத எக்ஸியை இறக்கிப் போடுவதுதானே. அசல் சிடி வைத்திருக்கிறவர் அதைச் செய்தால் என்ன தவறு?

பரண்பெட்டி

நியாயமா என்று கேட்டால், காசு கொடுத்து வாங்கியவர் ஆடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சட்டம் வேறு, அதற்குள் போக வேண்டாம். என் பயம் வேறு இடத்தில். அந்த எக்ஸியை யார் திருத்தினார்கள், கூடவே என்ன வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆன்டிவைரஸ் கத்தினால், 'கிராக் என்றாலே அப்படித்தான் கத்தும்' என்று நாமே அதன் வாயை மூடிவிடுகிறோம். உண்மையான வைரஸ் இருந்தாலும் அப்படித்தானே கத்தும்?

விலைக்குக் கிடைக்கிற கேம் என்றால் வாங்கிவிடுவது உத்தமம். ஜிஓஜி தளம் 2008-ல் இருந்து இதையே தொழிலாகச் செய்கிறது. பூட்டு நீக்கி, டாஸ் கேம் என்றால் டாஸ்பாக்ஸையும் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். தள்ளுபடி நாளில் ஒரு பிரியாணி விலை கூட ஆகாது. ஆனால் கார் கேம்கள் அங்கே வருவது கடினம். காருக்கும் பாட்டுக்கும் வாங்கிய உரிமங்கள் காலாவதியாகிவிட்டால் பழையதைத் திரும்ப விற்க முடியாது.

வல்வைக்காரன்

நான் பாவிப்பது லினக்ஸ் தான். வைனில் அந்த 16 பிட் புதிர் விளையாட்டுகள் 64 பிட் லினக்ஸிலும் நேராகவே ஓடும், தனியாக எமுலேட்டர் ஒன்றும் தேவையில்லை. விண்டோஸின் பழைய விளையாட்டு விண்டோஸில் ஓடாமல் லினக்ஸில் வடிவாக ஓடுகிறது என்றால் சிரிப்புத்தான் வருகிறது.

மதுரைவாசி

வந்துட்டார்யா பென்குயின் கட்சி.

நள்ளிரவு_நிரலர்

அவர் சொல்வது சரிதான், கட்சி பேச்சு இல்லை. வைன் 1993-லிருந்து விண்டோஸின் பழைய நடத்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது, எதையும் கழித்துவிட வேண்டிய கட்டாயம் அதற்குக் குறைவு. அதன் துண்டுகளைத்தான் நாம் விண்டோஸிலேயே இரவல் வாங்கி ஓட்டுகிறோம், வைன்விடிஎம் போல. மேக் வைத்திருக்கிறவர்கள் பாடுதான் பாவம். 2019-ல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு 32 பிட் நிரல் அத்தனையும் ஒரே நாளில் போயிற்று.

சிடிராம்

ஷிம் போட்டேன், சிடியை வைத்தேன், மோஸ்ட் வாண்டட் திறந்துவிட்டது! ஆனால் இன்னொரு வினோதம். புது புரொஃபைல் உருவாக்கினால் சேவ் ஆகமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. சி டிரைவில் கேம்ஸ் என்று தனி ஃபோல்டரில்தான் இன்ஸ்டால் செய்திருக்கிறேன், புரோகிராம் ஃபைல்ஸில் இல்லை. அட்மினாக ஓட்டியும் அதே கதை.

கயல்_கே

ராம் அண்ணா, விண்டோஸில் உங்கள் யூசர் பெயர் என்ன? தமிழிலா வைத்திருக்கிறீர்கள்?

சிடிராம்

ஆமாம், தமிழில்தான். லோக்கல் அக்கவுன்ட், பெயரைத் தமிழிலேயே அடித்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கயல்_கே

அதுதான் காரணமாக இருக்கும். எங்கள் வீட்டிலும் இதே சிக்கல் வந்தது. லோக்கல் அக்கவுன்ட்டுக்குத் தமிழில் பெயர் கொடுத்தால் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் ஃபோல்டரும் தமிழிலேயே உருவாகிவிடும். டாகுமென்ட்ஸ் அதற்குள்தான் இருக்கிறது. மோஸ்ட் வாண்டட் தன் சேவ் ஃபைலை டாகுமென்ட்ஸில்தான் வைக்கும்.

அந்தக் காலத்து கேம்கள் யூனிகோடில் பேசாது, ஆன்சி என்ற பழைய முறையில் பேசும். அந்த முறையில் ரஷ்ய மொழிக்கு ஒரு குறியீட்டு அட்டவணை, அரபிக்கு ஒன்று, தாய்லாந்து மொழிக்கு ஒன்று என்று விண்டோஸில் இருக்கிறது. தமிழுக்கு அப்படி ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. விண்டோஸுக்குள் தமிழ் வந்ததே யூனிகோடு வழியாகத்தான். அதனால் கேம், 'டாகுமென்ட்ஸ் எங்கே?' என்று கேட்டால், உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் போட்டுப் பதில் வரும். ஃபோல்டர் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது என்பது விண்டோஸ் விதி. அப்படியொரு ஃபோல்டர் இல்லை, உருவாக்கவும் முடியாது. ஆக சேவ் ஆகாது. அட்மின் அதிகாரம் கொடுத்தாலும் இல்லாத ஃபோல்டரில் எப்படி எழுதும்?

யூசர் ஃபோல்டரின் பெயரை மாற்றப் போகாதீர்கள், வேறு பலதும் உடையும். டி டிரைவிலோ சி டிரைவின் நேர் கீழேயோ ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு டாகுமென்ட்ஸ் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், அங்கே அந்தப் புது ஃபோல்டரைக் கொடுத்து மூவ். இனி கேம் கேட்டால் கிடைக்கும் பாதையில் தமிழ் எழுத்தே இருக்காது. ஒன்டிரைவ் உங்கள் டாகுமென்ட்ஸைப் பிடித்து வைத்திருந்தால் அந்த பேக்கப்பை முதலில் நிறுத்துங்கள்.

ரீஜன் செட்டிங்கில் உலகெங்கும் யுடிஎஃப்-8 என்று ஒரு பீட்டா டிக் இருக்கிறது. அதைப் போட்டாலும் சில நிரல்கள் சரியாகும். ஆனால் அது கம்ப்யூட்டர் முழுவதற்கும் மாறும், வேறு பழைய மென்பொருள் இருந்தால் அது குழம்பும். எனக்கு லொகேஷன் மாற்றுவதுதான் பிடித்தது.

நள்ளிரவு_நிரலர்

கயல், அருமை. இது எந்த ஆங்கில வழிகாட்டியிலும் முதல் பக்கத்தில் இருக்காது. மேலே ஒட்டி வைக்கச் சொல்லி நிர்வாகியிடம் கேட்கிறேன்.

தாமரை_82

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேமில் ஸ்கிம்மர் விமானம் காணோம் என்று தனி இழையில் ஒருவர் கேட்டிருந்தார், பதில் இல்லாமல் கிடக்கிறது. விண்டோஸ் 11-ன் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகாம். நிரலர், அது உண்மையா, வதந்தியா?

நள்ளிரவு_நிரலர்

உண்மை. எனக்கு ரொம்பப் பிடித்த பக் இது, அதனால் நீட்டிச் சொல்கிறேன்.

சான் ஆண்ட்ரியாஸில் வண்டிகளின் விவரமெல்லாம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது. வண்டிக்கு ஒரு வரி, வரியின் கடைசியில் சக்கரத்தின் அளவுகள். ஸ்கிம்மர் வரியில் மட்டும் அந்தக் கடைசி எண்கள் இல்லை. தண்ணீரில் இறங்கும் விமானம் அது. அதற்கு முந்தைய ஜிடிஏ வைஸ் சிட்டியில் அதைப் படகு வகையில் சேர்த்திருந்தார்கள், படகுக்கு ஏது சக்கரம்? சான் ஆண்ட்ரியாஸில் விமான வகைக்கு மாற்றியபோது எண்களைச் சேர்க்க விட்டுவிட்டார்கள்.

கேம் அந்த வரியைப் படிக்கும்போது, சக்கர அளவுக்கென்று ஒதுக்கிய இடத்தில் எதுவும் எழுதப்படுவதில்லை. அந்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்கவும் இல்லை. ஆக, அதற்கு முந்தைய வண்டியைப் படித்தபோது ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகத்தில் மிச்சமிருந்த எண் அப்படியே ஸ்கிம்மருக்குப் போய்விட்டது. அது ஒழுங்கான எண்தான், அதனால் 2005-ல் பிசிக்கு வந்ததிலிருந்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 24எச்2-வில் விண்டோஸின் உள் வேலை ஒன்று முன்பைவிடச் சற்று அதிகமாக ஸ்டாக்கைப் பயன்படுத்த ஆரம்பித்தது. இரண்டு வரிகளைப் படிப்பதற்கு நடுவில் அது ஓடி, மிச்சமிருந்த எண்ணின் மேல் எழுதிவிடுகிறது. ஸ்கிம்மருக்குக் கிடைப்பது குப்பை எண். விமானம் தண்ணீரில் தோன்றுவதில்லை. வலுக்கட்டாயமாக வரவழைத்து ஏறினால் விண்வெளிக்கே தூக்கி எறிகிறது.

பழைய ஜிடிஏ கேம்களைத் திருத்தும் சைலன்ட்பேட்ச் எழுதுகிறவர் 2025 ஏப்ரலில் இதைத் துருவிக் கண்டுபிடித்து விரிவாக எழுதினார். எல்லோரும் விண்டோஸ் உடைத்துவிட்டது என்றார்கள். உடைந்திருந்தது கேம், விண்டோஸ் அதைத் தற்செயலாக மறைத்து வைத்திருந்தது. பழைய கேம் பஞ்சாயத்துகளில் பாதி இப்படித்தான். சைலன்ட்பேட்ச் போட்டால் சரியாகிவிடும். விடுபட்ட எண்களை அந்த டெக்ஸ்ட் ஃபைலில் நாமே சேர்த்தாலும் சரியாகும்.

அதே கேமில் ஃபிரேம் லிமிட்டரை ஆஃப் செய்யாதீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். வேகமான கம்ப்யூட்டரில் அதை எடுத்துவிட்டால் நீச்சல் ஆமை வேகம் ஆகும், இயற்பியலே கோணலாகும்.

மதுரைவாசி

அப்போ விண்டோஸோடு வந்த பின்பால் கேம் காணாமல் போனதும் இந்த மாதிரிதானா?

நள்ளிரவு_நிரலர்

அது வேறு. 64 பிட்டுக்கு மாற்றியபோது பந்து மோதுவதைக் கணக்கிடும் பகுதி சொதப்பி, பந்து பலகைக்குள் புகுந்து கீழே விழுந்துவிட்டது என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். எக்ஸ்பியோடு நின்றுபோனது, விஸ்டாவில் வரவில்லை. ரசிகர் ஒருவர் அதை டீகம்பைல் செய்து (எக்ஸியிலிருந்து மூலக் குறிமுறையை மீட்டு) புதிதாகக் கட்டிய பதிப்பு கிட்ஹப்பில் இருக்கிறது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடுகிறது. எக்ஸ்பி சிடியில் உள்ள ஒலி, பட ஃபைல்களை நீங்கள் கொடுக்க வேண்டும்.

சிடிராம்

டாகுமென்ட்ஸை மாற்றினேன். புரொஃபைல் சேவ் ஆகிறது! கயல், உனக்குப் பெரிய நன்றிம்மா. என் பெயரே எனக்கு எதிரியாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஒயிடுஸ்கிரீன் திருத்தமும் போட்டேன், கார்கள் அகலமாகப் பிதுங்காமல் இருக்கின்றன.

பாக்கி இருப்பது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இசை மட்டும். சிடியை ஐஎஸ்ஓ-வாக எடுத்து மவுன்ட் செய்தும் வரவில்லை.

பரண்பெட்டி

ஐஎஸ்ஓ-வில் வராது. அந்த சிடியில் இசை, ஃபைலாக இல்லை. பாட்டு சிடியில் இருப்பதுபோல் ஆடியோ டிராக்காக இருக்கிறது. ஐஎஸ்ஓ டேட்டா பகுதியை மட்டும்தான் எடுக்கும். குவேக் (1996) சிடியும் இப்படித்தான். பின், கியூ என்று இரண்டு ஃபைலாக எடுத்தால் டிராக்கும் சேர்ந்து வரும். ஆனால் விண்டோஸ் தானாக மவுன்ட் செய்வது ஐஎஸ்ஓ-வைத்தான், பின்-கியூவுக்குத் தனி மென்பொருள் வேண்டும்.

அதைவிடச் சுலபம், டிராக்குகளை ஓஜிஜி ஃபைலாக ரிப் செய்து ஓஜிஜி-வின்எம்எம் போடுவது. மறுபடியும் அதே டிஎல்எல் தந்திரம்தான்: கேம், 'சிடியில் இரண்டாவது டிராக்கைப் போடு' என்றால் அது ஃபோல்டரிலிருந்து இரண்டாவது ஓஜிஜியைப் போடும். டிராக் எண் இரண்டிலிருந்து தொடங்க வேண்டும், முதல் டிராக் டேட்டா.

புதுவரவு_ஜி

இழை முழுக்கப் படித்தேன். நீட் ஃபார் ஸ்பீடு (என்எஃப்எஸ்) போர்ஷே அன்லீஷ்டு (2000) இன்ஸ்டால் ஆகிறது, மெனு வரைக்கும் போய் உறைந்துவிடுகிறது. டிஜிவூடூ போட்டும் அதே. எங்கே மாட்டுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நள்ளிரவு_நிரலர்

டிஜிவூடூ முத்திரை மூலையில் தெரிகிறதா? தெரிந்தால் கிராஃபிக்ஸ் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் காலத்து என்எஃப்எஸ் கேம்கள் ஒரே கோர் உள்ள பிராசசரை நினைத்து எழுதியவை, பல கோரில் இப்படித்தான் உறையும். கேம் திறந்ததும் ஆல்ட் டேப், டாஸ்க் மேனேஜர், டீடெய்ல்ஸ், கேமின் எக்ஸி மேல் ரைட் கிளிக், செட் அஃபினிட்டி, ஒரே ஒரு கோரை மட்டும் விட்டு மீதி டிக்கை எடுங்கள். அதில் சரியானால், ஷார்ட்கட்டிலேயே அஃபினிட்டி கொடுத்துத் திறக்கும்படி எப்படி மாற்றுவது என்று எழுதுகிறேன்.